வீட்டு ஜெபத்தில் கேட்ட ஊர்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பேரப்பிள்ளைகளோடு இருப்பதுதான் எங்கள் திருநெல்வேலி வழக்கம். மகளுக்குப் பேறுகாலம் பார்ப்பது, மருமகள் வேலைக்குப் போன பிறகு பிள்ளைக்குச் சோறூட்டிப் பள்ளி வேனில் ஏற்றிவிடுவது, சாயங்காலம் வாசலில் காத்துக்கொண்டிருப்பது. இந்த வழக்கத்தை நான் லேசாக எண்ணியதில்லை. என் பிள்ளைகளை என் அம்மா வளர்த்துத் தந்ததால்தான் நான் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக வேலை பார்க்க முடிந்தது. அதனால், நானும் என் கணவரும் தெலங்கானாவில் தோர்ணக்கல் பக்கம் ஒரு சிறு பிள்ளைகள் விடுதிக்கு ஊழியம் செய்யப் போகிறோம் என்று சொன்னதும் உறவினர்கள் கேட்ட கேள்வி எனக்கு வருத்தம் தரவில்லை. "பேரப்பிள்ளைகள விட்டுட்டு இந்த வயசுல எங்க போறீக?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

'ஆண்டவருடைய அழைப்பு' என்று சொல்லியிருந்தால் சபை மக்கள் அதற்குமேல் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கேட்டவர்கள் என் மேல் பிரியமுள்ளவர்கள். அவர்களுக்கு முழுப் பதில் சொல்ல வேண்டும் என்றால் என் அம்மாவின் அடுப்படியிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு குடும்ப ஜெபம். நடுவீட்டில் பாய் விரிப்போம். அப்பா வேதம் வாசிப்பார். ஒரு கீர்த்தனை பாடுவோம். சனிக்கிழமை என்றால் இரண்டு. கடைசியாக அம்மா ஜெபிப்பார். அந்த ஜெபத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் வீட்டுக் காரியங்கள், பிறகு தெருவில் நோயாய்க் கிடப்பவர்கள், பிறகு மழை, பிறகு சபையின் குருவானவரான ஐயரும் உபதேசியாரும், எல்லாவற்றுக்கும் பிறகு "தோர்ணக்கல்லிலே இருக்கிற ஊழியக்காரரையும் அவங்க பிள்ளைகளையும்" என்று வரும். அந்த இடம் வரும்போது நான் பெரும்பாலும் அக்காவின் தோளில் சாய்ந்து பாதித் தூக்கத்தில் இருப்பேன். தோர்ணக்கல் எந்தத் திசையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெயர் வந்தால் ஜெபம் முடியப்போகிறது, படுக்கலாம் என்று மட்டும் தெரியும்.

அம்மா உலைக்கு அரிசி அளந்தெடுக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அடுப்படி மூலையில் இருந்த மண் கலயத்தில் போடுவார். திருநெல்வேலிச் சபைகளில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த காணிக்கை இது, பிடியரிசி என்போம். வீட்டுக்கென்று அளந்த அரிசியிலிருந்துதான் அம்மா அந்தப் பிடியை எடுப்பார், அதற்காகக் கூடுதலாக அளக்க மாட்டார். ஆகவே அந்த ஒரு பிடி எங்கள் தட்டில் குறையும். பஞ்சமான மாதங்களிலும் கலயம் வெறுமையாக இருந்ததில்லை. சேர்ந்த அரிசியைச் சபையில் விற்று, அந்தக் காசில் ஒரு பங்கு மிஷனரி சங்கத்துக்குப் போகும் என்று அம்மா சொல்வார். பசியோடு இருந்த ஒரு நாளில், "நம்ம வீட்டுலயே பத்தாதப்ப ஏம்மா?" என்று கேட்டேன். "நமக்கும் யாரோ இப்படிக் குடுத்துதானே வந்துச்சு" என்றார். அதற்குமேல் விளக்கம் சொல்லத் தெரிந்தவர் இல்லை.

அம்மா சொன்னது வரலாறாகவும் சரி என்பதை நான் வளர்ந்து வாசித்தபோது அறிந்தேன். பாளையங்கோட்டையின் முதல் ஆலயத்தைக் கட்டியவர் தஞ்சாவூரிலிருந்து வந்த குளோரிந்தா என்ற மராட்டியப் பிராமண விதவை. அது 1785-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் தஞ்சாவூரிலிருந்து சத்தியநாதன் என்ற தமிழ்ப் போதகர் வந்து இந்தச் செம்மண் காடுகளில் நடந்து திரிந்தார். அதன் பிறகுதான் ரேனியஸ் போன்ற வெளிநாட்டு மிஷனரிகளின் காலம். ஏறத்தாழ நூறாண்டுகள் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் பெற்றுக்கொண்டே இருந்தார்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, ஆலயம் எல்லாம் பிறர் காசில், பிறர் உழைப்பில் வந்தவை.

பெற்றவர்கள் கொடுக்கவும் வேண்டும் என்று எண்ணியவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-இல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமக் குருவானவரின் மகனாகப் பிறந்தவர். ஒய்.எம்.சி.ஏ. செயலராக இருந்த காலத்தில், 1902-இல் யாழ்ப்பாணத்துக்குப் போனார். சிறு தொகையினரான யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு ஊழியர் அனுப்புவதை அங்கே கண்டார். அவர்களைவிடப் பல மடங்கு பெரிய திருநெல்வேலிச் சபை வெளியே யாரையும் அனுப்பவில்லையே என்ற எண்ணம் அவரை உறங்கவிடவில்லை. 1903 பிப்ரவரி 12-ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டது. ஊழியர் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பது அதன் அடிப்படை. அப்போது நிஜாமின் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல் பகுதியை அவர்கள் தேர்ந்துகொண்டார்கள். பனங்காட்டு வீடுகளின் பிடியரிசியும் கோழி முட்டையும் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் போன வாழைத்தாரும் தெலுங்கு நாட்டு ஊழியத்துக்குக் காசாகப் போய்ச் சேர்ந்தன.

அனுப்புவதோடு அசரியா நிற்கவில்லை. 1909-இல் தாமே தோர்ணக்கல்லுக்குப் போனார். தொடக்கத்தில் கூடாரத்தில் தங்கி, தெலுங்கு படித்து, ஊர் ஊராக நடந்தார். 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றார்; ஆங்கிலிக்கன் திருச்சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். இதையெல்லாம் புத்தகங்கள் பெருமையோடு சொல்கின்றன. நான் அதிகம் எண்ணிப்பார்ப்பது அவருடைய மனைவி அன்பு மரியம்மாளைத்தான். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படிப்பை எட்டிய முதல் சிலரில் ஒருவர். 1898-இல் வரதட்சணை இல்லாமல் நடந்த திருமணம். சொந்தபந்தமெல்லாம் தெற்கே இருக்க, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மொழி தெரியாத ஊருக்குப் போய், அங்கே கிராமப் பெண்களோடு உழைத்தார். நான் வாசித்த நூல்களில் அவருக்குச் சில பத்திகள்தான் கிடைத்திருக்கின்றன. தாய்வீட்டில் ஒரு சாவு என்றால் அவர் என்ன செய்திருப்பார், எத்தனை நாள் கழித்துக் கடிதம் வந்திருக்கும் என்று இங்கே வந்த பிறகு பல இரவுகள் நினைத்திருக்கிறேன்.

தோர்ணக்கல் இன்று மகபூபாபாத் மாவட்டத்தில் இருக்கிறது. காசிப்பேட்டை – விஜயவாடா இருப்புப்பாதையில் ஒரு சந்திப்பு. கொத்தகூடம் நிலக்கரிப் பகுதிக்கு இங்கிருந்துதான் பாதை பிரிகிறது. சுற்றிலும் பருத்தி, மிளகாய், நெல். கோடை வந்தால் திருநெல்வேலி வெயில் எவ்வளவோ தேவலை என்று தோன்றும். எங்கள் விடுதிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் லம்பாடி மக்களின் குடியிருப்புகளான தாண்டாக்களிலிருந்து வருகிறவர்கள். மிளகாய்ப் பறிப்புக் காலத்தில் தாய்தகப்பன் வேறு ஊர்களுக்குக் கூலிக்குப் போய்விடுவார்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனால் படிப்பு அந்த வருஷத்தோடு போயிற்று. விடுதி என்று ஒன்று இருந்தால் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும். விடுதியின் வேலை அவ்வளவுதான், அது பெரிய வேலை.

என் கணவர் மின்வாரியத்தில் இருந்தவர். இங்கே மோட்டார் பழுது பார்ப்பது, கணக்கெழுதுவது, காய்ச்சல் வந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது அவர் பொறுப்பு. நான் சாயங்காலம் கணக்கும் வாசிப்பும் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் லம்பாடி, பள்ளியில் தெலுங்கு. தெலுங்கு எனக்குப் போலவே அவர்களுக்கும் வெளியிலிருந்து வந்த மொழி. ஒரே வாசகப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நானும் முதல் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்தே எழுத்துக்கூட்டினோம். முன்னே போன பிள்ளை பின்தங்கியவளைத் திருத்தும், என்னையும் திருத்தும். அம்மம்மா என்றுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஜூன், ஜூலை மாதங்களில் இரவில் அழுவார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவள் நான். ஆனால் வகுப்பறை எனக்குப் பகல் நேரப் பிள்ளைகளைத்தான் காட்டியிருந்தது. இரவில் வீட்டை நினைத்து அழும் பிள்ளையை என்ன செய்வது? எனக்குத் தெரிந்தது அம்மா செய்தது ஒன்றுதான். சாப்பாடு முடிந்து தட்டு கழுவியதும் நடுக்கூடத்தில் பாய் விரித்தோம். எல்லாரையும் நெருக்கமாக உட்காரவைத்தோம். அன்றைக்கு நடந்ததை ஒவ்வொரு பிள்ளையும் சொல்லும். பிறகு பாட்டு. பிறகு சின்ன ஜெபம். அந்த ஜெபத்தில் தாண்டாக்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வேன். பறிப்புக் காலத்தில், எங்கோ மிளகாய் பறித்துக்கொண்டிருக்கும் தாய்தகப்பன்மாரை நினைப்போம். தன் தாண்டாவின் பெயர் வரும்போது தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையும் தலையைத் தூக்கும்.

ஜெபத்துக்கு விருப்பமில்லாத பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கலாம். இதை முதல் நாளிலேயே பெற்றோரிடம் சொல்லிவிடுகிறோம். சோற்றைக் காட்டி யாரையும் எந்த நம்பிக்கைக்கும் இழுக்கக் கூடாது என்பதில் நாங்கள் இருவரும் உறுதியாக இருக்கிறோம். பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவதற்கு அந்தப் பிள்ளையின் பசி ஒன்றே போதுமான காரணம். நீங்கள் யாரைக் கும்பிடுகிறீர்கள் என்று ஒரு தாய் கேட்டால், ஒளிக்காமல் சொல்கிறேன். கேட்கிற தாய்மார் உண்டு, கேட்காதவர்களும் உண்டு. எல்லாருடைய பிள்ளைக்கும் ஒரே பெருக்கல் வாய்ப்பாடுதான்.

ஏழு வயதிருக்கும் ஒரு பெண்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை கொடுக்கும் பிஸ்கட்டைத் தின்னாமல் தலையணைக்கு அடியில் வைப்பாள். எறும்பு மொய்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. தாண்டாவில் தம்பி இருக்கிறான், நாயனா (அப்பா) வரும்போது கொடுத்தனுப்ப வேண்டும் என்றாள். விடுதிக்கென்று விதிகள் உண்டு; படுக்கையில் தின்பண்டம் கூடாது என்பது அதில் ஒன்று. நான் அவளிடம் மூடி போட்ட ஒரு தகர டப்பாவைக் கொடுத்து, அடுக்களை அலமாரியில் அவளுக்கென்று ஓர் இடம் ஒதுக்கினேன். தனக்கு வந்ததிலிருந்து எடுத்து வைக்கும் கையை நான் சிறு வயதிலேயே பார்த்திருக்கிறேன். அதை எந்த விதியின் பெயராலும் தடுக்க எனக்கு மனம் வராது.

முதியவர்கள் ஊழியத்துக்குப் போவதைப் பற்றிப் பேசுகிறவர்கள், பழைய பாசங்களை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று சொல்வதுண்டு. என் அனுபவத்தில் அது பொருந்தவில்லை. வீட்டு ஞாபகங்களை விட்டுவிட்டு வந்திருந்தால் இங்கே கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது. வேதசாஸ்திரம் நான் படித்தவள் அல்ல. பிரசங்கம் செய்யத் தெரியாது. விசுவாசம் என்று என்னிடம் இருப்பதெல்லாம் அந்தப் பாயும் கலயமும் அம்மாவின் ஜெபத்து ஒழுங்கும்தான். அது என் பெட்டியோடு வந்தது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. நாங்கள் இங்கே இருந்தபோது என் அக்கா இறந்துபோனார். நான் தோளில் சாய்ந்து தூங்கிய அதே அக்கா. தகவல் வந்ததும் புறப்பட்டோம். சென்னையில் அடுத்த ரயிலுக்குக் காத்திருந்து ஊர் போய்ச் சேர்வதற்குள் அடக்க ஆராதனை முடிந்துவிட்டது. கல்லறையில் மண் ஈரமாக இருந்தது. 'தேவ சித்தம்' என்று சொல்லி அதைச் சிறிதாக்க எனக்கு மனமில்லை. அது இழப்பு, நான் சாகும்வரை இழப்பாகவே இருக்கும். சின்னப் பேரன் கைக்குழந்தையாக இருந்தபோது வந்தோம். முதல் தடவை ஊருக்குப் போனபோது அவன் என்னிடம் வரவில்லை. அவன் அம்மாவின் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான். வேறு வீட்டுப் பிள்ளைகள் அம்மம்மா என்று மடியில் வந்து விழுகையில், சொந்தப் பேரன் என்னைப் பார்த்து ஒளிந்தான். உறவினர்கள் கேட்ட கேள்வியின் முழுப் பாரமும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அக்கா போன பிறகு அம்மாவின் ஜெபம் எந்த ஒழுங்கில் போகும் என்பதை அறிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். பாயில் யார் எங்கே உட்கார்ந்தோம், சனிக்கிழமை எந்தக் கீர்த்தனை, அப்பாவின் வேதாகமத்தில் எந்தப் பக்கம் கிழிந்திருந்தது, அறுவடைப் பண்டிகையன்று அசன விருந்துச் சோற்றுக்கு எந்தத் தெருவார் விறகு கொண்டுவந்தார்கள் என்றெல்லாம். எழுத எழுத இன்னும் வந்தது. வாரம் ஒரு தடவை அதில் ஒரு பகுதியை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக மகளுக்கும் மகனுக்கும் அனுப்புகிறேன். பெரிய பேத்தி கேள்வி கேட்டு அனுப்புகிறாள். கலயத்தில் இருந்த அரிசியை எலி தின்னாதா, ஆச்சி? தோர்ணக்கல்லில் இப்போது யார் இருக்கிறார்கள், ஆச்சி? ஊரிலேயே இருந்திருந்தால் இதையெல்லாம் நான் அவளுக்குச் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான். அங்கே எனக்குச் சோறூட்டவும் துணி மடிக்கவும் நேரம் சரியாக இருந்திருக்கும். ஆனாலும் குரல் பதிவை மடிக்கு ஈடாக நான் வைக்கவில்லை. இரண்டும் வேறு வேறு.

சில ஞாயிறுகளில் தோர்ணக்கல் பேராலயத்துக்குப் போகிறோம். 1939-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட கட்டடம். கோயில் மண்டபத்துத் தூண்களும் பள்ளிவாசலை நினைவூட்டும் குவிமாடங்களும் சிலுவையோடு சேர்ந்து நிற்கின்றன. 1945 ஜனவரி 1-ஆம் நாள் இறந்த அசரியாவின் கல்லறை இங்கேதான் இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு வெள்ளாளன்விளைக்குத் திரும்பி உட்கார அவருக்கு வாய்க்கவில்லை. எங்களுக்கு அப்படி இல்லை. நாங்கள் திரும்பிப் போகப்போகிறவர்கள். அந்த வித்தியாசம் நியாயமானது என்றே நினைக்கிறேன். முதியவர்களின் ஊழியத்துக்கு ஒரு முடிவுத் தேதி இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் தலைமையிடம் கொண்ட பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் இதற்கென்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஓய்வுபெற்ற தம்பதியர் உடல்நலச் சான்றோடு விண்ணப்பித்து, தங்கள் சொந்தச் செலவில், பொதுவாக 6 மாதம் முதல் 23 மாதம்வரை ஊழியத்துக்குப் போய்வருகிறார்கள். வெளியூர் போக முடியாதவர்கள் வீட்டில் இருந்தபடியே செய்யவும் வழி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய போதனைகள் எங்கள் சபையின் போதனைகளிலிருந்து மிகவும் விலகியவை. ஆனால் முதியவரின் காலத்தையும் உடலையும் கணக்கில் எடுத்துச் செய்த அந்த ஏற்பாடு கற்றுக்கொள்ளத் தக்கது. நான் அறிந்த நம் சபைகளில், ஆர்வமுள்ள ஒருவர் தாமே தேடி அலைந்து, தெரிந்தவர் மூலம் ஓர் இடம் கண்டுபிடித்தால்தான் உண்டு.

ஏற்பாடு செய்யும்போது சபைகள் சிலவற்றைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். கணவருக்கு அழைப்பு வந்ததென்று மனைவியை இழுத்துக்கொண்டு போகக் கூடாது. இருவரிடமும் தனித்தனியே கேட்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். எத்தனையோ மிஷனரி வீடுகளில் அழைப்பு ஒருவருக்கும் பாரம் மற்றவருக்கும் என்று ஆகியிருக்கிறது. மகளுக்குப் பேறுகாலம் என்றால் தாய் போய்வர விடுப்பு இருக்க வேண்டும். எனக்கு அப்படிக் கொடுத்தார்கள், அதனால்தான் மனநிம்மதியோடு திரும்பி வர முடிந்தது. மொழி கற்கச் சில மாதங்கள் ஒதுக்க வேண்டும். மிக முக்கியமாக, பென்ஷன் வாங்கும் முதியவர் சம்பளமில்லாமல் வருகிறார் என்பதற்காக, சம்பளத்துக்கு உழைக்கும் இளம் ஊழியரின் இடத்தில் அவரை உட்காரவைக்கக் கூடாது. பணித்தளங்களில் மிகக் குறைந்த ஊதியத்தில் பிள்ளைகுட்டிகளோடு இருக்கும் குடும்பங்களை நான் கண்ணால் பார்க்கிறேன். அவர்களுக்குத் துணையாகத்தான் நாங்கள் வர வேண்டும்.

ஆசிரியராகவோ செவிலியராகவோ கணக்கராகவோ இருந்து ஓய்வுபெற்றவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உடம்பில் பலம் இருக்கும்போதே உங்கள் ஐயரிடம் போய்ப் பேசுங்கள். ஒரு வருஷத்துக்கு ஒப்புக்கொண்டால் போதும். கிளம்புவதற்கு முன் மகன், மகள், மருமக்கள் எல்லாரையும் உட்காரவைத்து அவர்கள் மனதில் இருப்பதைச் சொல்லவிடுங்கள். இப்போது போக வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், அடுத்த வருஷம் கேளுங்கள். உங்கள் தாயும் தகப்பனும் வீட்டில் செய்ததை நினைவிருக்கும்போதே எழுதிவையுங்கள். எங்கள் விடுதிக்கு வரும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஒரு கணக்கு ஆசிரியரும் ஒரு செவிலியரும் தேவைப்படுகிறார்கள்.